காற்று எல்லாருக்கும் ஒண்ணுதான்: கரிவரதன் கதை

எந்த வண்டிக்கு எந்த கோல்டு ஏர் இன்டேக் போடலாம்னு பேசாத நாள் நம்ம காலேஜ் பார்க்கிங்ல இல்லை. நீங்களும் ஒரு கிட் பார்த்து வச்சிருப்பீங்க. வீட்ல காசு கேட்கறதுக்கு முன்னாடி, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரோட கதையைப் படிச்சிடுங்க. பேரு எஸ். கரிவரதன். ரேஸ் ஆட்களுக்கு அவர் 'கரி'.

கரி 1954ல் பிறந்தார். 1910ல் லட்சுமி மில்ஸைத் தொடங்கிய குப்புசாமி நாயுடுவோட குடும்பம் அது. பஞ்சாலைக் குடும்பத்துப் பையனுக்கு ஆர்வம் முழுக்க கார் மேல. ஓட்டறதுல மட்டும் இல்லை, செய்யறதுலயும். கோவை அதுக்குத் தோதான ஊரு. பம்பு, மோட்டார், ஃபவுண்டரி, லேத்து பட்டறைன்னு தெருவுக்குத் தெரு இரும்பு வேலை நடக்கும். ஒரு பாகத்தை வரைஞ்சு கொடுத்தா, அதை வார்த்து, கடைஞ்சு கொடுக்க ஆள் உண்டு. அந்த ஊர்ல 'சூப்பர் ஸ்பீட்ஸ்'ங்கற பேர்ல கரி டீம் நடத்தினார். தானும் ரேஸ் ஓட்டினார்.

அப்போ தமிழ்நாட்டில் கார் ரேஸ்னா சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. சுத்திலும் வைக்கோல் கட்டு அடுக்கி, அதுலதான் பந்தயம் நடக்கும். அங்கே வந்த கார்களுக்குள்ள வித்தியாசம் ரொம்பப் பெரிசு. ஒரு பக்கம் ஃபியட், அம்பாசிடரைப் பிரிச்சு மாத்தினவங்க. இன்னொரு பக்கம் வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி பண்ணினவங்க. விஜய் மல்லையா எண்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டு வந்து ஓட்டினார். யார் நல்ல டிரைவர்ங்கறதை விட, யார்கிட்ட எந்த கார் இருக்குங்கறதுதான் பாதி ரிசல்ட்டை முடிவு பண்ணிச்சு.

கரிக்கு வசதி இருந்தது. அவரும் வெளிநாட்டு காரோடவே நின்னிருக்கலாம். ஆனா அவர் யோசிச்சது வேற. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துடுச்சு. நாடு முழுக்க அந்த கம்பெனி எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸும், அதைத் தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைக்க ஆரம்பிச்சாச்சு. அந்த தசாப்தம் முடியறதுக்குள்ள, மாருதி எஞ்சினை வச்சு ஒரு ஆள் மட்டும் உட்கார்ற ரேஸ் காரை கோவையிலேயே உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி எஞ்சின். ஜெயிக்கணுமா? ஓட்டிக் காட்டு.

சின்ன எஞ்சின் எப்படிப் போதும்னு கேட்கறீங்களா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். 40 குதிரைசக்தி எஞ்சின் 700 கிலோ வண்டியை இழுத்தா, டன்னுக்கு 57 குதிரைசக்தி. அதே எஞ்சின் 450 கிலோவை இழுத்தா டன்னுக்கு 89. முதல் வண்டியில எடையைக் குறைக்காம இதே அளவுக்கு வரணும்னா எஞ்சின் 62 குதிரைசக்தி கொடுக்கணும். எந்த இன்டேக்காலயும் அது முடியாது. கதவு, பின் சீட்டு, கண்ணாடி எதுவுமே இல்லாத கார் அதை எஞ்சினைத் தொடாமலே செஞ்சிடும்.

பலன் என்ன? அதே கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சது ஸ்ரீபெரும்புதூர் டிராக்ல, ஃபார்முலா மாருதியிலதான். 2005ல் ஜோர்டான் அணியில் சேர்ந்து இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆனார்.

அதைப் பார்க்க கரி இல்லை. 1995ல் ஒரு விமான விபத்தில், நாற்பதை இப்பதான் தாண்டிய வயசுல இறந்துட்டார். 2003ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்கு அவர் பேரை வச்சாங்க: கரி மோட்டார் ஸ்பீடுவே.

இனி நம்ம இன்டேக் விஷயத்துக்கு வருவோம். அந்த கரி டிராக்லதான் மாணவர்களே கார் செஞ்சு ஓட்டற ஃபார்முலா பாரத் போட்டி நடந்திருக்கு. நம்ம சீனியர்ஸ் வாயில அடிக்கடி கேட்ட பேரு. அந்த வகைப் போட்டியில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போற மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாத்தான் போகணும். ஒலி வேகத்தைத் தொட்டதும் அந்தத் துளை 'சோக்' ஆயிடும். கணக்குப்படி வினாடிக்கு சுமார் 74 கிராம் காற்றுதான் உச்சம். எவ்வளவு விலை ஃபில்டர் போட்டாலும் அதுக்கு மேல ஒரு கிராம் போகாது. எல்லாருக்கும் ஒரே அளவு காற்று. மிச்சமெல்லாம் உங்க மூளை. ஃபார்முலா மாருதியில கரி செஞ்சதும் இதேதானே?

சரி, உங்க வண்டிக்கு இன்டேக் வேணுமா வேண்டாமா? வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

ஒண்ணு, சூடு. சங்கராபுரத்து மே மாசத்தில் வெளியே 38 டிகிரி, பானட்டுக்குள்ள 65 டிகிரின்னு வச்சுக்கோங்க. உள்ளே இருக்கற காற்றோட அடர்த்தி 8 சதவீதம் குறைவு. மூடி இல்லாத கோன் ஃபில்டரை எஞ்சின் பக்கத்துல மாட்டினா அந்தச் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கும். சத்தம் கூடும், இழுவை குறையும். கம்பெனி ஏர் பாக்ஸ் பெரும்பாலும் முன்பக்கத்துல இருந்துதான் காற்று எடுக்கும். ஒரு ஓபிடி ஸ்கேனரை மாட்டி, வண்டி ஓடும்போது இன்டேக் காற்றோட வெப்பநிலையைப் பக்கத்து சீட்ல இருக்கறவரைப் பார்க்கச் சொல்லுங்க. வெளி வெப்பநிலையை ஒட்டியே இருந்தா, உங்ககிட்ட ஏற்கனவே கோல்டு ஏர் இன்டேக் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு, தடை. டர்போ இல்லாத வண்டின்னா, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டு மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்க. அப்புறம் டைனோவில் முழு த்ராட்டில்ல பாருங்க. 100 கிலோபாஸ்கல் 97 ஆச்சுன்னா, ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தடுக்கறதே 3 சதவீதம்தான். புது கிட் அதுக்கு மேல எதைத் திருப்பித் தர முடியும்?

மூணு, நம்ம ரோடு. கரும்பு டிராக்டர் பின்னாடி மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் போனா எவ்வளவு தூசின்னு உங்களுக்கே தெரியும். காற்றை ஈசியா விடற ஃபில்டர் தூசியையும் விட்டுச்சுன்னா பிஸ்டன் ரிங் தேயும். எண்ணெய் தடவின ஃபில்டர்ல எண்ணெய் அதிகமானா மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார்ல படியும். குழாய் வாய் பம்பருக்கு அடியில இருந்தா, மழைத் தண்ணி உள்ளே போய் கனெக்டிங் ராடே வளையும்.

நாலு, மலை. கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி. 1000 அடிக்கு சுமார் 3.5 சதவீதம் காற்றழுத்தம் குறையும். வெள்ளிமலைக்கு ஏறும்போது வண்டி மந்தமா இருந்தா அதுவும் ஒரு காரணம், உடனே ஃபில்டர் மேல பழி போடாதீங்க. அதுக்கு மருந்து ஒரு கியர் குறைக்கறது.

இத்தனைக்கும் அப்புறம் ஆதாயம் தெரியுதா? நல்லா மூடின பாக்ஸோட, வாய் உயரத்துல, வெளிக்காற்று எடுக்கற கிட்டாப் பார்த்து வாங்குங்க. வாரண்டி என்னாகும்னு சர்வீஸ் சென்டர்ல முன்னாடியே கேட்டுக்கோங்க. ஆதாயம் தெரியலையா? அந்தக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்க. மிச்சம் இருந்தா கோவைக்கு பஸ் ஏறி, ஃபார்முலா பாரத் நடக்கும்போது போய்ப் பாருங்க. அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் யாராவது அந்த 20 மில்லிமீட்டர் துளையோட மல்லுக்கட்டினா, அதுதான் கரிக்கு நாம செய்யற மரியாதை.