கோடு நடுங்கினா ஆயுசுக்கும் தெரியும்.. டாட்டூ கத்துக்கிற திருப்பூர் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய 'செய்லர் ஜெர்ரி' யார்?

திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்க. பிலிமில் முடி மாதிரி மெல்லிசாகப் போட்ட கோடு, பனியன் துணியில் இறங்கும்போது இங்க் பரவி தடிச்சுடும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கோடு ஒண்ணா ஒட்டிக்கும். ஆனா அங்கே ஒரு வசதி உண்டு. பீஸ் கெட்டுப்போனா செகண்ட்ஸில் தள்ளிட்டு அடுத்த பீஸை எடுத்துக்கலாம்.

டாட்டூவில் செகண்ட்ஸ் கிடையாது. அடுத்தவரோட தோல் அது. அதனாலதான் புதுசா டாட்டூ கத்துக்க வர்றவங்களுக்கு முதல் பயமே 'லைன்' போடுறதுதான். இந்தப் பயத்தோடு ஒரு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் நார்மன் கீத் காலின்ஸ். உலகம் அவரை 'செய்லர் ஜெர்ரி' என்று சொன்னால்தான் அடையாளம் கண்டுகொள்ளும். நங்கூரம், கத்தி குத்திய இதயம், குருவி, கழுகு என்று டி-ஷர்ட்களில் நாம் பார்க்கும் டாட்டூ ஸ்டைல் படங்களில் பாதிக்கு மேல் அவர் கைவழி வந்தவை என்று சொன்னால் மிகையில்லை.

கையால் குத்தி ஆரம்பித்த பையன்

1911 ஜனவரி 14-ம் தேதி அமெரிக்காவின் நெவாடா மாநிலம் ரீனோ நகரில் பிறந்தார். பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அலாஸ்காவைச் சேர்ந்த 'பிக் மைக்' என்பவர்தான் முதல் குரு. அவர் கற்றுக்கொடுத்தது மெஷின் வேலை இல்லை. ஊசியை மையில் தொட்டுக் கையாலேயே புள்ளி புள்ளியாகக் குத்துற முறை.

நம்ம ஊர் பச்சை குத்துறதும் அதே வகைதானுங்க. எட்கர் தர்ஸ்டன் 1906-ல் வெளியிட்ட புத்தகத்தில், தென்னிந்தியாவில் குறவர் பெண்கள் பச்சை குத்தும் விதத்தை விவரித்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை எடுத்து மை தயாரிப்பார்கள். நம்ம பாட்டிகள் கையில் இன்னும் மங்கலாகத் தெரியும் கோலமும் தேளும் இப்படிப்பட்ட கைவேலைதான். மெஷின் இல்லாமல், கோலம் போட்டுப் பழகிய கையோட நிதானத்தில் வந்த கோடு அது. இதை எழுதி வைக்காமல் விட்டதில் நமக்குப் பெரிய நஷ்டம்.

ஜெர்ரி சிகாகோவுக்குப் போன பிறகுதான் மெஷினைத் தொட்டார். நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி 1891-லேயே மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். எடிசன் கண்டுபிடித்த மின்சாரப் பேனாதான் அதற்கு அடிப்படை. சிகாகோவில் 'டாட்ஸ்' தாமஸ் என்பவர் ஜெர்ரிக்கு மெஷின் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பழகுவதற்குத் தோல் வேணுமே? தெருவில் குடித்துவிட்டுக் கிடந்தவர்களைக் கூட்டிவந்து, மலிவான சரக்கு வாங்கிக்கொடுத்து, அவர்கள் மேல் கோடு போட்டுப் பழகினார் என்பதுதான் இவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை. கேட்கச் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனா அந்த மனுஷங்க உடம்பில் கடைசி வரைக்கும் இருந்தது ஒரு கத்துக்குட்டியோட தப்புக் கோடு. இன்றைக்கு அதற்கு அவசியமே இல்லை. செயற்கைத் தோல் ஷீட் ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

ஹோட்டல் ஸ்ட்ரீட் கூட்டம்

19 வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். கப்பலில் ஆசியத் துறைமுகங்களைப் பார்த்தார். 1930-களில் ஹவாய் தீவுகளின் ஹொனலுலுவில் தங்கிவிட்டார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அங்கே ஹோட்டல் ஸ்ட்ரீட் பகுதியில், போருக்குப் போகும் சிப்பாய்களும் மாலுமிகளும் டாட்டூ கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒருத்தருக்கு முடித்ததும் அடுத்தவர் உட்கார வேண்டும். அந்த வேகத்தில் அழித்துத் திருத்த நேரம் ஏது? டிசைனை ஒட்டுவதற்கும் அப்போது இன்றைய டிரான்ஸ்பர் பேப்பர் இல்லை. பிளாஸ்டிக் தகட்டில் கோட்டைக் கீறி, அந்தப் பள்ளத்தில் கரித்தூள் தேய்த்து, வாஸ்லின் தடவிய தோலில் அழுத்துவார்கள். கை பட்டாலே அழிந்துவிடும். அதனால் கீழிருந்து மேலாக, துடைக்கும் கை படாத திசையில் கோடு போக வேண்டும். இந்தப் பழக்கத்தை இன்றைக்கும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஜெர்ரியின் கோடுகள் தடிமனாக, கறுப்பாக, நடுவில் அறுபடாமல் இருக்கும். அதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. மை நிற்க வேண்டியது மேல்தோலுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்கு மேலே நின்றால் தோல் உரியும்போது மையும் போய்விடும். அதற்கும் கீழே இறங்கினால் கொழுப்பில் பரவி, கோட்டைச் சுற்றி நீலமாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். 'ப்ளோ-அவுட்' என்கிறார்கள். சரியாகப் போட்ட கோடும் வருஷம் போகப் போகக் கொஞ்சம் அகலமாகத்தான் செய்யும். பனியனில் இங்க் பரவுகிற அதே சங்கதி, ஆனா இருபது வருஷம் மெதுவாக. அந்த இருபது வருஷத்துக்கும் இடம் விட்டுத்தான் ஜெர்ரி வரைந்தார்.

புதுசா வர்ற பசங்க பெரும்பாலும் எடுத்த எடுப்பிலேயே 3 ஆர்.எல். ஊசியில், இன்ஸ்டாகிராமில் பார்த்த மெல்லிய கோட்டைப் போட ஆசைப்படுகிறார்கள். அதில் கை நடுக்கம் அப்படியே தெரியும். 7 ஆர்.எல். மாதிரி கொஞ்சம் பெரிய ஊசிக் கட்டு சின்ன நடுக்கத்தை மன்னித்துவிடும். இன்னொன்று, இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பதுதான் பாதி வேலை. தோல் பின்னல் துணி மாதிரிதான், இழுக்காமல் விட்டால் கோடு வளையும். நீளமான கோட்டை மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையோடு நகர்த்தணும். மெஷின் ஓடும் வேகத்துக்குக் கை வேகம் ஒத்துப்போகணும். கை மெதுவாகப் போனால் தோல் கிழியும். அவசரப்பட்டால் கோடு புள்ளி புள்ளியாக நிற்கும்.

ஜப்பானுக்குப் போன கடிதங்கள்

பெர்ல் ஹார்பர் தாக்குதலை மறக்காத ஜெர்ரிக்கு ஜப்பான் மேல் கடுங்கோபம். ஆனா டாட்டூவில் ஜப்பானியர்கள்தான் மேல் என்பதும் தெரியும். 1960-களில் கிஃபு நகரத்து ஹோரிஹிடே என்ற கலைஞருடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். இங்கிருந்து சாயமும் கருவியும் போகும், அங்கிருந்து டிசைன்கள் வரும். தனித்தனிப் படமாக ஒட்டாமல், அலையும் காற்றும் பின்னணியாக ஓட, முதுகு முழுவதையும் ஒரே படமாக அமைக்கும் விதத்தை அப்படித்தான் படித்தார். அப்போது அவர் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

இன்னொரு விஷயத்திலும் அவர் முன்னோடி. ஒரு ஊசியை ஒருவருக்கு மட்டும் பயன்படுத்துவது, கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்திகரிப்பது ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கடைப்பிடித்த சிலரில் ஒருவர். மஞ்சள் காமாலைப் பயத்தால் நியூயார்க் நகரம் 1961-ல் டாட்டூவையே தடை செய்தது. 1997-ல்தான் தடை நீங்கியது. நம் நாட்டிலும் டாட்டூ போட்டவர் 12 மாதம் ரத்த தானம் செய்யக் கூடாது என்று விதி இருப்பது இதே காரணத்தால்தான். திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் பத்துப் பேருக்குக் குத்துறாங்கன்னா, அங்கே கோடு எவ்வளவு நேராக வந்தாலும் உட்காராதீங்க.

ஜெர்ரி எல்லா விதத்திலும் நல்லவர் என்று சொல்ல முடியாது. பிற இனத்தவரைக் கேலி செய்யும் படங்களும் வரைந்திருக்கிறார். தன்னைக் காப்பியடித்தவர்களை லேசில் விடமாட்டார்.

1973-ல் தன் ஹார்லி பைக்கில் போகும்போது மாரடைப்பு. எழுந்து அதே பைக்கை ஓட்டிக்கொண்டே வீடு வந்தார் என்கிறார்கள். ஜூன் 12-ம் தேதி இறந்தார். எட் ஹார்டி, மைக் மலோன், ஜீக் ஓவன் ஆகிய மூவரில் ஒருவர் கடையை எடுத்துக்கணும், இல்லையென்றால் எல்லாவற்றையும் எரித்துவிடணும் என்று சொல்லி வைத்திருந்தார். மலோன் 20,000 டாலர் கொடுத்து வாங்கினார். எட் ஹார்டியின் டிசைன்கள் 2000-களில் டி-ஷர்ட்டாக உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தன. குருவின் பேரிலும் சட்டை வந்தது, ரம் பாட்டிலும் வந்தது.