ஒரே கட்டிலோடு தொடங்கிய பணி: டாக்டர் ஐடா ஸ்கடர்

சுங்கை பூலோ என்றதும் பெரிய அரசு மருத்துவமனையும் எம்.ஆர்.டி. நிலையமும் சாலையோரப் பூச்செடிக் கடைகளும் நம் நினைவுக்கு வரும். 1930-ஆம் ஆண்டு இங்குத் தொழுநோயாளிகளுக்கென ஒரு தனிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. உறவினர்கள்கூடத் தொடத் தயங்கியவர்களை மருத்துவர்களும் தாதியரும் தொட்டுப் பராமரித்தனர். அதே காலத்தில் தமிழகத்தின் வேலூரிலும் அத்தகைய மருத்துவர்களையும் தாதியரையும் ஒருவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தாவும் தந்தையும் அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவ மருத்துவ ஊழியர்கள். ஆனால், பஞ்சத்தையும் நோயையும் சிறுவயதிலேயே பார்த்த ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் விருப்பமில்லை. அமெரிக்காவிலேயே தங்கிவிட எண்ணியிருந்தவர், தாயாரின் உடல்நலம் குன்றியதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கு ஓர் இரவு அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கேட்டுக்கொண்டார். ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடாவுக்கு இரக்கம் இருந்தது. உதவும் மனமும் இருந்தது. கையில் தொழில் இல்லை. அந்த மரணங்களை இறைவனின் அழைப்பாக ஏற்று, அவர் மருத்துவம் படிக்கச் சென்றார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். அனுபவமில்லாத இளம் பெண் மருத்துவரை நம்பி வர மக்கள் தயங்கினர். பட்டம் இருந்தாலும் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. வீட்டின் ஓர் அறையில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் அவரிடம் சிகிச்சை பெற்றனர். 1902-இல் 40 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

வர முடியாதவர்களை அவரே தேடிச் சென்றார். குடியாத்தம் சாலையில் குறித்த நாளில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். தொழுநோயாளிகளும் அந்த வரிசையில் நின்றார்கள். சாதியோ மதமோ பார்க்காமல் சேவை செய்வதே தம் கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பொருள் என்று அவர் வாழ்ந்தார்.

ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் இரண்டு கைகள்தானே? அதனால் 1909-இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். சில பெண்கள்கூட விண்ணப்பிப்பார்களா என்று அரசு அதிகாரிகள் சந்தேகப்பட்டனர். வந்தவை 151 விண்ணப்பங்கள். முதல் அணியில் 14 பேர் 1922-இல் தேர்ச்சி பெற்றனர். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்ததால்தான் அந்த நிறுவனம் வளர்ந்தது.

பெரிய சோதனை முதுமையில் வந்தது. 1930-களின் இறுதியில், பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. எழுபது வயதில், உலகப் போர் நடந்த காலத்தில், ஐடா அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்று சக ஊழியர்கள் எடுத்துக் கூறினர். பெண்களுக்காகவே பாடுபட்டவருக்கு அது எளிதான முடிவன்று. பல்லாண்டுகள் துணை நின்ற தோழியர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். இருந்தும் ஐடா கலந்து பேசி, கூட்டு முடிவை ஏற்றார். 1940-களில் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர்.

பின்னர்ப் பொறுப்பை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி அந்தத் தலைமைப் பதவிக்கு வந்தார். 1948 முதல் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கி, நோயாளிகள் மீண்டும் வேலை செய்ய வழி காட்டினார்கள். 1960-ஆம் ஆண்டு மே மாதம், கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் ஐடா மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்று வேலூர் சி.எம்.சி. என்ற பெயரில் தொடர்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் விரைவில் தொழிற்பயிற்சிக்கும் வேலைக்கும் செல்லப்போகிறோம். சான்றிதழ் நமக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே சென்றபின் பிறர் நம்மை நம்புவதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை சொன்ன நேரத்தில் போய் நிற்போம். தெரியாததைக் கேட்டுக் கற்போம். தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுப்போம். நம் கருத்துக்கு மாறான முடிவையும் பொறுமையோடு கேட்போம். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஐடாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் இவை.