ஜோசப் முண்டசேரி: வகுப்பறையும் சட்டமன்றமும்

1903இல் கண்டசாங்கடவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் முண்டசேரி, திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் மலையாளப் பேராசிரியராகவும் இலக்கியத் திறனாய்வாளராகவும் விளங்கினார். 1957இல் மணலூர்த் தொகுதியில் வென்று கேரளத்தின் முதல் கல்வி அமைச்சரானார்.

தனியார் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கவும், அரசுப் பணியாளர் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே அவர்களை நியமிக்கவும் அவர்தம் கல்வி மசோதா வழிவகுத்தது. பள்ளி நிர்வாகிகளின் அதிகாரத்தை அது குறைத்தமையால் திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும் எதிர்த்தன. குடியரசுத் தலைவர் கருத்துக் கோரியதன்பேரில், 1958இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளைச் சிறுபான்மையினர் உரிமைக்கு முரணெனக் கண்டது. திருத்தியமைத்த பின்னரும் கிளர்ச்சி ஓயவில்லை. 1959 ஜூலை 31இல் அமைச்சரவை நீக்கப்பட்டது.

1971இல் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர் 1977இல் மறைந்தார். நியமன உரிமை நிர்வாகிகளிடமே தங்கிற்று. எனினும் ஆசிரியர் ஊதியம் அரசுக் கருவூலத்தின் பொறுப்பாக நிலைபெற்றது.