புட்டியில் உணவைக் காத்தவர்

பிரான்சு நாட்டில் 1749-ஆம் ஆண்டு பிறந்தவர் நிக்கோலா அப்பேர். பாரிசில் மிட்டாய் வணிகம் செய்த அவர், உணவு கெடாமல் காக்கும் வழியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். காய்கனி, இறைச்சி முதலியவற்றைக் கண்ணாடிப் புட்டியிலிட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். மாதங்கள் சென்றும் அவை கெடவில்லை. 1810-இல் அரசு 12,000 பிராங்கு பரிசளித்தது. முறையை மறைக்காது நூலாகவும் வெளியிட்டார்.

நுண்ணுயிரே உணவைக் கெடுக்கிறது என்பதை அவர் அறியார். பின்னாளில் பாஸ்டர் விளக்கினார். புளிப்பற்ற காய்கறிக்கும் இறைச்சிக்கும் கொதிநீர் போதாது. அழுத்தக் கலத்தின் மிகு வெப்பமே நச்சுக் கிருமியின் வித்துகளை அழிக்கும் என்பதும் பின்னரே தெளிந்தது.

1841-இல் வறுமையில் மறைந்த அவரைப் பொதுக்குழியில் புதைத்தனர். உலகின் பசிக்கு உணவைச் சேமித்தவர், தமக்கெனப் பொருள் சேமிக்கவில்லை!