ஹென்ரிக் சென்கியேவிச்

ஹென்ரிக் சென்கியேவிச் (மே 5, 1846 – நவம்பர் 15, 1916) போலந்து நாட்டைச் சேர்ந்த புதின எழுத்தாளரும் இதழாளரும் ஆவார். நீரோ மன்னன் காலத்து ரோம் நகரில் வாழ்ந்த தொடக்ககாலக் கிறித்தவர்களைப் பற்றி இவர் எழுதிய குவோ வாடிஸ் (1896) என்னும் வரலாற்றுப் புதினம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. 1905 ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். குவோ வாடிஸ் நூலுக்காகவே அப்பரிசு வழங்கப்பட்டது எனப் பரவலாகக் கருதப்படுவது சரியன்று. காப்பியத் தன்மை வாய்ந்த அவருடைய எழுத்துப்பணி முழுமைக்குமாகவே அது வழங்கப்பட்டது.

போலந்து நாட்டவர் என்று குறிப்பிட்டாலும், இவருடைய வாழ்நாளில் போலந்து என்றொரு தன்னாட்சி நாடு உலக வரைபடத்தில் இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் 1795 ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டை முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டன. சென்கியேவிச் ரஷ்யப் பேரரசின் குடிமகனாகவே பிறந்தார். இவருடைய புதினங்களைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

இளமை

வோலா ஒக்ஷெய்ஸ்கா என்னும் சிற்றூரில், செல்வம் குன்றிய நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1861 இல் குடும்பம் வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தது. இவருக்குப் பதினேழு வயது ஆகும்போது ரஷ்ய ஆட்சிக்கு எதிராக 1863 எழுச்சி வெடித்துத் தோல்வியில் முடிந்தது. 1866 இல் வார்சாவின் உயர்கல்விக் கழகத்தில் சேர்ந்து சட்டம், மருத்துவம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறுதியில் மொழியியலும் வரலாறும் பயின்றார். 1869 இல் அக்கழகம் ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டது. 1871 இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். பின்னர் லித்வோஸ் என்னும் புனைபெயரில் இதழ்களில் எழுதத் தொடங்கினார்.

1876 இல் அமெரிக்கா சென்றார். புகழ்பெற்ற நடிகை ஹெலெனா மொட்ஷெயெவ்ஸ்காவும் அவருடைய நண்பர்களும் கலிபோர்னியாவின் அனகைம் பகுதியில் பண்ணைக் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். வேளாண்மை அறியாத கலைஞர்களின் பண்ணை எத்தனை நாள் நிலைக்கும்? அம்முயற்சி விரைவிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அங்கிருந்து இவர் எழுதி அனுப்பிய பயணக் கடிதங்கள் வார்சாவில் இவருக்குப் பெயர் தேடித் தந்தன.

முப்புதினத் தொடர்

1881 இல் மரியா ஷெத்கியேவிச் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு குழந்தைகள் பிறந்தனர். மரியா காசநோயால் பாதிக்கப்பட்டு, நலவாழ்வு இல்லங்களில் மருத்துவம் பெற்று வந்தார். அக்காலத்திலேதான் சென்கியேவிச் பதினேழாம் நூற்றாண்டுப் போலந்தின் போர்களைக் களமாகக் கொண்ட தீயாலும் வாளாலும் (1884), பெருவெள்ளம் (1886), வொவொதியொவ்ஸ்கி பெருமகன் (1888) ஆகிய மூன்று புதினங்களையும் நாளிதழ்களில் தொடராக எழுதினார். இரண்டாம் புதினம் வெளிவந்துகொண்டிருந்தபோது, 1885 அக்டோபரில், மரியா இறந்தார். தொடர் நிறுத்தப்படவில்லை.

1888 இல் பெயர் தெரியாத வாசகர் ஒருவர், மூன்றாம் புதினத்தின் நாயகன் பெயரில் இவருக்கு 15,000 ரூபிள் அனுப்பினார். அது அந்நாளில் பெருந்தொகை. சென்கியேவிச் அப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், காசநோயுற்ற எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் உதவும்பொருட்டு மனைவியின் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவினார்.

இவர் பின்னர் இருமுறை மணம் புரிந்தார். 1893 இல் நடந்த இரண்டாம் திருமணம் மிகக் குறுகிய காலத்திலேயே முறிந்து திருச்சபையால் செல்லாததாக்கப்பட்டது. மூன்றாம் திருமணம் 1904 இல் நடந்தது. மனைவியர் மூவரின் பெயரும் மரியா என்பது ஒரு வியப்பான தற்செயல்.

குவோ வாடிஸ்

ரோமானியர் காலத்துக் கிறித்தவர்களைப் பற்றிய புதினங்கள் இவருக்கு முன்பே பல வந்திருந்தன. கர்தினால் வைஸ்மனின் ஃபபியோலா (1854), லூ வாலசின் பென்ஹர் (1880) ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சென்கியேவிச்சுக்குத் தூண்டுகோலாக அமைந்தவை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டசின் ஆண்டுக் குறிப்புகளும் ரோம் நகருக்கு மேற்கொண்ட பயணங்களும் ஆகும். நீரோவின் தீப்பந்தங்கள் என்னும் பெரிய ஓவியத்தை 1876 இல் வரைந்த போலந்து ஓவியர் ஹென்ரிக் செமிராட்ஸ்கி அங்கே இவருக்கு வழிகாட்டியாக இருந்தார். அப்பியா நெடுஞ்சாலையில் உள்ள சிறு கோயில் ஒன்றை இவருக்குக் காட்டியவரும் அவரே. ரோமை விட்டுத் தப்பிச் செல்லும் பேதுரு, எதிரே வரும் கிறித்துவைக் கண்டு எங்கே போகிறீர் எனக் கேட்டதாகவும், விடை கேட்டுத் திரும்பிச் சென்று உயிர் துறந்ததாகவும் கூறும் பழங்கதையோடு தொடர்புடைய இடம் அது. குவோ வாடிஸ் என்னும் இலத்தீன் தொடர் அக்கேள்வியைத்தான் குறிக்கிறது.

மார்க்கஸ் வினிசியஸ் என்னும் ரோமப் படைத்தலைவன், பிணையாளாக ரோமில் வளரும் லிகியா என்னும் கிறித்தவப் பெண்ணிடம் கொள்ளும் காதலே கதை. கி.பி. 64 இல் ரோம் தீப்பற்றி எரிந்ததும், பழி கிறித்தவர்கள்மீது சுமத்தப்பட்டதும் கதையின் நடுப்பகுதி. லிகியாவைக் காட்டெருதின் தலையில் கட்டி அரங்கினுள் விடும்போது, அவளுடைய காவலன் உர்சுஸ் வெறுங்கையால் அதன் கழுத்தை முறிக்கும் காட்சி மிகவும் புகழ்பெற்றது. எனினும் நூலின் மிகச் சிறந்த படைப்பு காதலர் இருவரும் அல்லர், பெட்ரோனியசே எனலாம். எதையும் நம்பாத, அழகை மட்டுமே போற்றும் அந்த அரசவை நயவாளரின் சாவு, பக்தி மிகுந்த பக்கங்களைவிட ஆழமாக மனத்தில் பதிகிறது.

லிகியா என்பது அவளுடைய இனத்தைக் குறித்து ரோமர்கள் இட்ட பெயர். லிகியர் இன்றைய போலந்துப் பகுதியில் வாழ்ந்த பழங்குடியினர் ஆவர். ஒரு பேரரசின் அரங்கில் கட்டப்பட்டுக் கிடக்கும் பெண் யார் என்பதைப் போலந்து வாசகர்கள் எளிதில் உணர்ந்தனர். தணிக்கை அதிகாரிகளால் நீரோவின் கதையைத் தடுக்க இயலவில்லை. புதினம் 1895 மார்ச் முதல் வார்சாவில் தொடராக வெளிவந்தது. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கிராக்கோவ், பிரஷ்ய ஆட்சியிலிருந்த போஸ்னன் ஆகிய நகரங்களின் நாளிதழ்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அதை வெளியிட்டன. மூன்று எல்லைகளால் பிரிக்கப்பட்ட மக்கள் ஒரே கதையைப் படித்துக்கொண்டிருந்தனர்.

ஜெரமையா கர்ட்டினின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1896 இல் வெளிவந்து மிகப் பெருமளவில் விற்பனையானது. ஆனால் ரஷ்யப் பேரரசு பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராததால், வெளிநாட்டுப் பதிப்புகளிலிருந்து ஆசிரியருக்குக் கிடைத்த வருவாய் மிகச் சொற்பமே.

இப்புதினம் பலமுறை திரைப்படமாக்கப்பட்டது. இத்தாலியரான என்ரிகோ குவாட்சோனியின் 1913 ஆம் ஆண்டு மௌனப்படமும், பீட்டர் உஸ்டினோவ் நீரோவாக நடித்த 1951 ஆம் ஆண்டு ஹாலிவுட் படமும் இவற்றுள் முக்கியமானவை. போலந்து இயக்குநர் ஒருவரின் படம் 2001 இல்தான் வந்தது. இயக்கியவர் யெர்ஷி கவலெரோவிச்.

பொதுவாழ்வும் இறுதிக்காலமும்

1900 இல் இவருடைய எழுத்துப்பணியின் வெள்ளிவிழாவையொட்டி, மக்கள் திரட்டிய நிதியில் கியெல்சே அருகே ஒப்லெங்கோரெக் என்னும் மாளிகை வாங்கி வழங்கப்பட்டது. அது 1958 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அதே ஆண்டு டியூட்டானிக் வீரர்களுக்கு எதிரான போரைக் கூறும் சிலுவை வீரர்கள் நூலாக வெளிவந்தது. பிரஷ்யப் பள்ளிகளில் போலந்துச் சிறுவர்கள்மீது ஜெர்மன் மொழி திணிக்கப்பட்டதைக் கண்டித்து 1906 இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குத் திறந்த மடல் எழுதினார்.

இளைய தலைமுறை இவரை ஏற்கவில்லை. ஸ்தனிஸ்வாவ் பிஷொஷொவ்ஸ்கி போன்ற திறனாய்வாளர்கள், இவர் கடினமான கேள்விகளைத் தவிர்த்து வாசகரைத் தாலாட்டுகிறார் எனச் சாடினர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் வித்தோல்ட் கொம்ப்ரோவிச்சும் இவரைக் கடுமையாக விமர்சித்தார். ஆயினும் படிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

முதல் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் தங்கி, 1915 இல் இசைக்கலைஞர் இக்னாசி பதெரெவ்ஸ்கியுடன் இணைந்து போரால் பாதிக்கப்பட்ட போலந்து மக்களுக்கான உதவிக்குழுவை அமைத்தார். நவம்பர் 15, 1916 அன்று அங்கேயே காலமானார். சரியாக ஈராண்டுகளில், 1918 நவம்பரில், போலந்து விடுதலை பெற்றது. 1924 இல் இவருடைய உடல் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் புனித யோவான் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது.