ரமண முனிவரும் முழங்கால் வாதமும்

விருதுநகர் மாவட்டத்திற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடல் பெற்ற திருச்சுழியலில் 1879 ஆம் ஆண்டு தோன்றிய வேங்கடராமன், மதுரையிற் பெரியபுராணம் ஓதி உளமுருகி, 1896 இல் அருணையை அடைந்து ரமண முனிவராய் விளங்கிய வரலாற்றை அன்பர் அறிவர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது அவர்தம் முழங்கால் வாதத்தைப் பற்றியதே. சிறு பொருளென்று இகழற்க.

மலைக்குகையிலும் மலைச்சாரலிலும் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்த அவரைப் பிற்காலத்திற் கீல்வாதம் பற்றியது. நம் நாட்டு வைத்தியர் இந்நோய்க்கு முடக்கற்றான் கீரையை உணவிற் சேர்ப்பர், நொச்சியிலையால் ஒற்றடமிடுவர், வாதநாராயணன் இலைச்சாற்றை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவர். முனிவரோ தமக்கென மருந்து வேண்டிலர். அன்பர் தைலந் தடவிக் கால் பிடிப்பின் விலக்கவும் இலர். ஒருகால் அத்தைலத்தைத் தாமே வாங்கித் தேய்த்து, அப்புண்ணியத்தில் தமக்கும் பங்கு வேண்டுமென நகையாடினார் என்ப. உண்ணும் மருந்தாயின் உடனிருந்தார்க்கும் பகிரச் சொல்வார்.

ஞானிக்கு மருந்து எற்றுக்கு என வினவுவார் உளர். பிராரத்தம் உடல் உள்ளளவும் நுகர்ந்தே கழியுமென்பது நம் சித்தாந்தத் துணிபாதலின், நோய் வருதல் ஞானத்திற்கு இழுக்கன்று. மருந்தை வெறுத்து விலக்குதலும் ஒரு பற்றே என்பது எம் கருத்து. முனிவர் வேதாந்த நெறியினராயினும், இவ்விடத்து அவரோடு நமக்கு வழக்கில்லை.

இடமுழங்கை அருகே தோன்றிய கட்டிக்கு 1949 இல் அறுவையும் பச்சிலைக்கட்டும் நிகழ்ந்தன. அவற்றையும் அன்பர் விருப்பிற்கே விட்டிருந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு அருணையில் உடல் நீத்தார்.