டஸ்ஸோ என்பது யார் பெயர்? சின்ன நாடுகளுக்குப் போர் விமானம் விற்றவரின் கதை

2018, 2019-ல் ரஃபேல் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. விலை சரியா, இந்தியப் பங்குதாரர் யார் என்று டிவி விவாதங்கள் நீண்ட அந்த நாட்களில் அடிக்கடி காதில் விழுந்த பெயர் டஸ்ஸோ. டஸ்ஸால்ட் என்று எழுத்துக்கூட்டிப் படித்தவர்களும் உண்டு. பிரெஞ்சில் கடைசி இரண்டு எழுத்துக்கும் சத்தம் கிடையாது.

அது ஒரு மனிதரின் பெயர். அதுவும் அப்பா, அம்மா வைத்த பெயர் இல்லை. நாஜி வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், அவரே வைத்துக்கொண்டது.

மார்செல் டஸ்ஸோவின் வாழ்க்கையைப் பார்த்தால் இன்னொரு விஷயமும் புரியும். அமெரிக்கா, ரஷ்யா மாதிரி சொந்தமாகப் போர் விமானம் செய்துகொள்ள முடியாத நாடுகள் எப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன, காசுக்கு என்ன செய்கின்றன, எங்கே மாட்டிக்கொள்கின்றன? முப்பது வருஷத்துக்கும் மேல் அப்படிப்பட்ட நாடுகளில் பல இவர் கடை வாசலில்தான் நின்றன.

மரச்சாமான் பட்டறையில் ஆரம்பம்

1892 ஜனவரி 22. பாரிஸில் ஒரு யூத டாக்டரின் வீட்டில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். பெயர் மார்செல் ப்ளோக். 1909-ல், பள்ளி மாணவனாக இருந்தபோது, ஈஃபில் கோபுரத்தைச் சுற்றி ஒரு விமானம் பறந்ததைப் பார்த்தார். பிறகு விமானப் பொறியியல் படித்தார்.

முதல் உலகப் போர் வந்தது. அப்போது விமானத்துக்கு ப்ரொப்பல்லர் மரத்தில்தான் செய்வார்கள். இவர் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். பாரிஸில் மரச்சாமான் செய்பவர் ஒருவரின் பட்டறையில் வால்நட் மரத்தில் அது தயாரானது. பிரெஞ்சு விமானப்படையின் புகழ்பெற்ற ஸ்பாட் விமானங்களில் அது பொருத்தப்பட்டது. பட்டறைக்காரரின் மகள் மதலேனைத்தான் 1919-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

அடுத்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு முழு விமானமே செய்தார். அரசாங்கம் ஆயிரம் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. போர் முடிந்ததும் அதில் பெரும்பகுதியை ரத்து செய்துவிட்டது. மனிதர் விமானத்தை விட்டுவிட்டு ஃபர்னிச்சர், ரியல் எஸ்டேட் என்று பத்து வருஷம் ஓட்டினார். ஒரே ஒரு வாடிக்கையாளரை, அதுவும் சொந்த அரசாங்கத்தை மட்டும், நம்பித் தொழில் நடத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் அப்போதே பட்டுத் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். பின்னால் உலகம் முழுக்க விற்கத் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1930 வாக்கில் விமானத் தொழிலுக்குத் திரும்பினார். 1936-ல் இடதுசாரி அரசு அவருடைய தொழிற்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது.

முகாமும் புதுப் பெயரும்

1940-ல் பிரான்ஸ் வீழ்ந்ததும் கைது செய்யப்பட்டார். ஜெர்மானியர்களுக்காக விமானம் செய்ய மறுத்தார். 1944 ஆகஸ்டில் அவரை புகன்வால்ட் முகாமுக்கு அனுப்பினார்கள். அப்போது வயது 52. முகாமுக்குள் ரகசியமாக இயங்கிய கம்யூனிஸ்ட் கைதிகள்தான் அவரை மறைத்துக் காப்பாற்றினார்கள். பிற்காலத்தில் பிரான்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான முதலாளி, உயிரோடு இருந்ததற்குக் கம்யூனிஸ்டுகளுக்குக் கடன்பட்டவர். 1945 ஏப்ரலில் விடுதலையானபோது நடக்கவே முடியாத நிலை.

அண்ணன் பால் ப்ளோக் ராணுவ ஜெனரல். நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் அவருக்கு ஒரு மறைபெயர் இருந்தது. டாங்க்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தம்பி அதைக் கொஞ்சம் மாற்றிக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். ப்ளோக், டஸ்ஸோ ஆனார்.

சரி, கதை இனிமேல்தான் சூடுபிடிக்குது.

இந்தியா ஏன் இவரிடம் போனது?

1949-ல் டஸ்ஸோவின் முதல் ஜெட் போர் விமானம் ஊரகான் பறந்தது. எஞ்சின் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைத்தது, பிரான்ஸில் உரிமம் வாங்கித் தயாரித்தது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற வீம்பு அவரிடம் இல்லை. ஓடுகிற ஒன்றை எடுத்து, கொஞ்சம் மாற்றி, அடுத்ததைச் செய்வார். ஊரகானிலிருந்து மிஸ்தேர், அதிலிருந்து சூப்பர் மிஸ்தேர் என்று படிப்படியாகத்தான் போனார். இதனால் செலவும் குறைந்தது, காலமும் மிச்சமானது.

1953-ல் இந்தியா 71 ஊரகான்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நம் விமானப்படை வைத்த பெயர் தூஃபானி. சுதந்திரம் வாங்கி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் பிரிட்டனையே நம்பி இருக்க வேண்டாம் என்ற கணக்கு அதில் இருந்தது. அடுத்து நூறுக்கும் மேற்பட்ட மிஸ்தேர் விமானங்கள் வந்தன. 1965 போரில் சர்கோதா தாக்குதலின்போது, ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை, வேகம் குறைந்த மிஸ்தேரை ஓட்டிய குடகுக்காரர் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா வீழ்த்தினார், அவரும் உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்க 1988 வரை ஆனது.

ஒரு வேடிக்கை: பிரான்ஸே அன்றைக்குக் காசில்லாத நாடுதான். பிரெஞ்சு விமானப்படைக்கான மிஸ்தேர் விமானங்களில் 225-க்குப் பணம் கொடுத்தது அமெரிக்கா. ஐரோப்பியக் கூட்டாளிகளின் ஆயுதத் தொழிலைத் தூக்கி நிறுத்துவதற்கான உதவித் திட்டம் அது. அந்தப் பணத்தில் வளர்ந்த கம்பெனிதான் பின்னால் அமெரிக்காவுக்கே போட்டியாக வந்து நின்றது.

ஒரே விமானம், இரண்டு பில்

1956 நவம்பரில் மிராஜ் 3 பறந்தது. முக்கோண இறக்கை, ஒரே எஞ்சின், ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். பனிப்போர்க் காலம் அது. அமெரிக்காவிடம் வாங்கினால் ஒரு முகாம், சோவியத்திடம் வாங்கினால் இன்னொரு முகாம். இரண்டிலும் முழுசாக மாட்டிக்கொள்ள விரும்பாத நாடுகளுக்கு மூன்றாவது கதவு மிராஜ்.

போர் விமானம் வாங்குவது கார் வாங்குற மாதிரி இல்லை. ரேடார், ஏவுகணை, பயிற்சி, உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் தனித்தனி செலவு. அதைவிடப் பெரிய செலவு, எனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொடு என்று கேட்பது. இதற்கு சுவிட்சர்லாந்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1961-ல் சுவிஸ் நாடாளுமன்றம் 100 மிராஜ்களுக்கு 87.1 கோடி ஃப்ராங்க் ஒதுக்கியது. அதன்பின் அதிகாரிகள் ஆசையைக் கட்டவிழ்த்துவிட்டார்கள். பிரெஞ்சு ரேடார் வேண்டாம், அமெரிக்க ரேடாரும் ஏவுகணையும் வேண்டும். மலைக் குகைக்குள் நிறுத்த வேண்டும், அதனால் கிரேனில் தூக்க வசதி வேண்டும். சின்ன ஓடுபாதையிலிருந்து கிளம்ப ராக்கெட் வேண்டும். 1964-ல் அரசு நாடாளுமன்றத்துக்கு வந்து இன்னும் 57.6 கோடி கேட்டது. நாடே கொதித்தது. சுவிஸ் வரலாற்றிலேயே முதல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதியும் விமானப்படைத் தலைவரும் பதவி இழந்தார்கள். பாதுகாப்பு அமைச்சரின் அரசியல் வாழ்க்கையும் சீக்கிரமே முடிந்தது. கடைசியில் வந்தவை 57 விமானங்கள்.

ஆஸ்திரேலியாவும் அதே சமயம் அதே மிராஜைத்தான் வாங்கியது. பிரிட்டிஷ் எஞ்சின் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா என்று அவர்களும் யோசித்தார்கள். ஒரு விமானத்தில் பொருத்திப் பறந்தும் பார்த்தார்கள். கிடைக்கிற லாபம் ஆகிற செலவுக்குத் தகாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவற்றைத் தங்கள் நாட்டிலேயே உரிமத்தில் தயாரித்து, 1980-களின் கடைசி வரை ஓட்டினார்கள். பழசான பிறகும் அவற்றுக்கு விலை இருந்தது: 1990-ல் அவற்றில் 50-ஐ பாகிஸ்தான் வாங்கிப்போனது. அதே 1990-ல்தான் அமெரிக்கா, அணுகுண்டுத் திட்டத்தைக் காரணம் காட்டி, பாகிஸ்தான் ஆர்டர் கொடுத்திருந்த எஃப்-16 விமானங்களைத் தராமல் நிறுத்தியது. அடுத்தவர் கழித்த மிராஜ்களை லெபனானிடமும் ஸ்பெயினிடமும் வாங்கி, பழுது பார்த்து, புது ரேடார் மாட்டிப் பறப்பதில் பாகிஸ்தானுக்கு இணை யாரும் இல்லை.

காசு கொடுத்தும் வராத விமானம்

மிராஜுக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது இஸ்ரேல். 1967 ஜூன் போரில் அந்த விமானங்கள் காட்டிய வேகம் எல்லா நாட்டு ஜெனரல்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு முன்பே டஸ்ஸோவிடம் இஸ்ரேல் ஒரு கோரிக்கை வைத்திருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலும் வானம் தெளிவாகத்தான் இருக்கும், விலை கூடிய ரேடார் எதற்கு? அதை எடுத்துவிட்டு எரிபொருளும் குண்டும் கூடுதலாகத் தூக்கும்படி செய்து கொடுங்கள் என்று. அப்படிப் பிறந்ததுதான் மிராஜ் 5. சுவிஸ்காரர்கள் செய்ததற்கு நேர் எதிர்.

இஸ்ரேல் 50 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, பணமும் கட்டியது. போர் வெடித்தபோது அதிபர் டி கால் ஆயுதத் தடை விதித்தார். அந்த 50 விமானங்கள் கடைசி வரை இஸ்ரேலுக்குப் போகவில்லை. பிரெஞ்சு விமானப்படையே எடுத்துக்கொண்டது. பணம் மட்டும் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. டஸ்ஸோ ஒரு யூதர், முகாமில் கிடந்தவர், இஸ்ரேலோடு நெருக்கமானவர். அவரால்கூட எதுவும் செய்ய முடியவில்லை. விற்பவர் கம்பெனிதான், ஆனால் சாவி அரசாங்கத்தின் கையில். சொந்தமாகச் செய்துகொள்வது என்ற முடிவுக்கு இஸ்ரேல் வந்தது இந்த அடிக்குப் பிறகுதான்.

இஸ்ரேல் கேட்டுப் பிறந்த அந்த மலிவு மாடலை வாங்கியவர்கள் யார் தெரியுமா? இஸ்ரேலின் எதிரியான கடாஃபியின் லிபியா ஒரேயடியாக 110 மிராஜ்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பெருவுக்கு சூப்பர்சானிக் விமானம் தர அமெரிக்கா தயங்கியது. வறுமையில் இருக்கும் நாட்டுக்கு எதற்கு இது என்று வாஷிங்டனில் கேட்டார்கள். பெரு பாரிஸுக்குப் போய் மிராஜ் 5 வாங்கிவிட்டது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் ஆயுத வியாபாரிகள் என்பதுதான் உறுத்தல்.

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கும் மிராஜ்கள் போயின. இனவெறியால் முகாமுக்குப் போன ஒரு மனிதரின் பெயர் தாங்கிய கம்பெனி விற்றது அது. அவரைப் பாராட்டி எழுதப்படுகிற கட்டுரைகளில் இந்த வரி அநேகமாக இருக்காது.

நான்கு நாடுகள் கூடிப் பேரம் பேசியபோது

1975. பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே நான்கும் பழைய விமானங்களை மாற்ற வேண்டிய கட்டாயம். தனித்தனியாகப் போனால் நான்கும் சில்லறை வாடிக்கையாளர்கள். சேர்ந்து போனால் 348 விமானங்கள். நூற்றாண்டின் பேரம் என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவின் எஃப்-16, ஸ்வீடனின் விக்கென், டஸ்ஸோவின் மிராஜ் எஃப்1 களத்தில் இருந்தன. பெல்ஜியம் ஏற்கெனவே மிராஜ் 5 ஓட்டிக்கொண்டிருந்த நாடு. ஐரோப்பியப் பாசம் ஜெயிக்கும் என்று பாரிஸ் எதிர்பார்த்தது.

ஜெயித்தது எஃப்-16. முதல் காரணம், அமெரிக்க விமானப்படையே அதை வாங்குகிறது. அப்படியென்றால் பல பத்தாண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்கும். இரண்டாவது, வேலைவாய்ப்பு. தாங்கள் வாங்கும் விமானங்களின் மதிப்பில் 40 சதவீதம், அமெரிக்கா வாங்குவதில் 10 சதவீதம், மற்ற நாடுகளுக்கு விற்பதில் 15 சதவீதம் அளவுக்கு இந்த நாடுகளின் தொழிற்சாலைகளுக்கு வேலை. செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்கே திரும்பும். இன்று நாம் ஆஃப்செட் என்று சொல்கிறோமே, ரஃபேல் சண்டையே எதைச் சுற்றி நடந்ததோ, அது இதுதான்.

83 வயதில் விழுந்த அடி. அதே வருஷக் கடைசியில், டஸ்ஸோ வடிவமைத்துவந்த இரட்டை எஞ்சின் போர் விமானத் திட்டத்தையும் செலவு தாங்காது என்று பிரெஞ்சு அரசு கைவிட்டது. பழைய முக்கோண இறக்கைக்கே திரும்பி, ஒற்றை எஞ்சினில் செய்ததுதான் மிராஜ் 2000. 1978 மார்ச்சில் பறந்தது. 1982-ல் இந்தியா 40-க்கு ஆர்டர் கொடுத்து, பிறகு இன்னும் 9 சேர்த்தது. பக்கத்து நாட்டுக்கு எஃப்-16 வந்துகொண்டிருந்த நேரம். பெருவும் 26 கேட்டது. கடன் கழுத்தை நெரிக்க 12-ஆகக் குறைத்துக்கொண்டது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம்மீது தடை போட்டபோதும், அடுத்த வருஷம் கார்கில் மலைமுகடுகளில் குண்டு போட மிராஜ் 2000 தயாராகத்தான் இருந்தது.

கடைசி விமானம்

விமானம் தவிர மனிதருக்கு வேறு வாழ்க்கையும் இருந்தது. பல வருஷம் நாடாளுமன்ற உறுப்பினர், வாரப் பத்திரிகை முதலாளி. 1964-ல் மனைவியைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாளே பத்திரமாக மீட்கப்பட்டார். 1981-ல் மித்தரோன் ஆட்சி வந்ததும் கம்பெனியின் பெரும்பான்மைக் கட்டுப்பாடு மறுபடியும் அரசின் கைக்குப் போனது.

1986 ஏப்ரல் 17-ல், 94 வயதில் இறந்தார். அவர் கம்பெனியின் அடுத்த விமானம் அதற்குள் தயாராகி நின்றது. ஜூலை 4-ல்தான் முதன்முதலாகப் பறந்தது. அதுதான் ரஃபேல்.

அதற்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்க 2015 வரை ஆனது, எகிப்திலிருந்து. 2021-ல் குரோஷியா, சோவியத் காலத்து மிக்-21-களை மாற்ற, பிரெஞ்சு விமானப்படை பயன்படுத்திக்கொண்டிருந்த 12 ரஃபேல்களை வாங்கியது. ஒப்பந்தம் 99.9 கோடி யூரோ. மூன்று வருஷம் கழித்து பக்கத்து நாடான செர்பியாவும் 12 ரஃபேல் வாங்கியது, எல்லாம் புதுசு. அதன் பில் 270 கோடி யூரோ.